ஆதரவாளர் கட்டத்தில் ஓர் ஆள்

மற்ற எல்லாக் கட்டங்களையும் நிரப்பியாயிற்று. ‘ஆதரவாளர்கள்’ என்ற கட்டம் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது.

நூலகர் பேனாவை மூடினார், திறந்தார், மூக்கைச் சொறிந்தார், மறுபடி மூடினார். சாயங்காலத்துக்குள் இந்தத் தாள்கள் மாடியிலுள்ள நகராட்சி அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் இந்தக் கூடத்தில் இனிமேல் புத்தகம் இருக்காது, நகராட்சி லாரிகளின் பழைய டயர்கள்தான் இருக்கும்.

எல்லாம் புதிதாக வந்த ஆணையர் அம்மாள் செய்த வேலை. சும்மா சொல்லக் கூடாது, படு சுறுசுறுப்பு. நாற்காலியில் உட்கார்ந்த கையோடு, ஒவ்வொரு பிரிவும் ஒரு வணிகத் திட்டம் தர வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். தண்ணீர்ப் பிரிவு தந்தது, குப்பைப் பிரிவு தந்தது. கீழ்த்தளத்து நூலகத்துக்கும் அதே படிவம்தான் வந்தது. நூலகத்துக்கு என்ன வணிகம் என்று கேட்க யாருக்குத் துணிச்சல் உண்டு?

நம் நூலகரும் சளைக்கவில்லை. ‘வாடிக்கையாளர்கள்’ என்ற இடத்தில், ‘படிக்க வருகிறவர்கள், வெயிலுக்கு ஒதுங்குகிறவர்கள், போனுக்குச் சார்ஜ் போட வருகிறவர்கள்’ என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். ‘போட்டியாளர்கள்’ என்பதற்குக் ‘கரையான்’ என்றார். ‘எதிர்கால இலக்கு’ என்று கேட்டிருந்தது. ‘எதிர்காலத்தில் இருப்பது’ என்று எழுதிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

ஆதரவாளருக்கு எங்கே போவது? எழுந்து போய்க் கேட்டும் பார்த்தார். பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்திருந்தவர் பக்கத்தைப் புரட்டினாரே தவிர நிமிரவில்லை. ஜன்னலோரம் போனை நோண்டிக்கொண்டிருந்த பெண் கொட்டாவி விட்டாள். ஆதரவு என்று சொன்னால் இவர்கள் காதில் நன்கொடை என்று விழுகிறது போலிருக்கிறது.

வாசலில் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தான். அவன் காதில் எந்நேரமும் இயர்போன், மறுமுனையில் எந்நேரமும் அவனுடைய மச்சான். இத்தனை காலத்தில் நூலகரைப் பார்த்து ஒருநாளாவது எழுந்து நின்றிருப்பானா? கிடையாது. அவரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை, மனசுக்குள் மட்டும் பொருமுவார்.

“ஏம்ப்பா, நம்ம நூலகத்துக்கு ஆதரவா யாராச்சும் கையெழுத்துப் போடுவாங்களா?”

“அட, அதெல்லாம் நாமளே பார்த்துப் போட்டுக்க வேண்டியதுதான்,” என்றான் வாட்ச்மேன். சொன்னது அவருக்கா மச்சானுக்கா என்பது அவனுக்கே வெளிச்சம்.

அந்த நேரம் பார்த்து நூலகரின் போன் அடித்தது. மனைவி.

“மாத்திரை போட்டீங்களா?”

“போட்டேன், போட்டேன். இங்க ஒரு கட்டத்தை நிரப்ப முடியாம தவிச்சுக்கிட்டிருக்கேன்.”

“அந்தப் பச்சை ஸ்வெட்டரைக் கழட்டாதீங்க. குளிர்ந்த காத்து மூட்டுக்கு ஆகாது.”

“ஆதரவாளர்னு ஒருத்தரும் கிடைக்கலைடி.”

“எதையாவது எழுதிட்டுச் சீக்கிரம் வீட்டுக்கு வாங்க.”

அவள் எப்போது கூப்பிட்டாலும் இதே பாட்டுத்தான். மாத்திரை, ஸ்வெட்டர், சீக்கிரம் வாங்க. ஆனால் ‘எதையாவது எழுது’ என்று அவள் சொன்னது நூலகருக்கு அசரீரி மாதிரி கேட்டது. டயர் நாற்றம் மூக்கில் ஏறுகிற நேரத்தில் நியாய அநியாயம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? பேனாவைத் திறந்தார்.

‘வாசகர் வட்டத் தலைவர். ரயில்வேயில் கடிகாரம் பழுது பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். மழையோ வெயிலோ, கறுப்புக் குடையில்லாமல் வர மாட்டார். தினமும் மூலை நாற்காலி. நடுநடுவே ஒரு வறட்டு இருமல். இந்த நூலகம்தான் என் மூச்சு என்கிறார்.’

இருமல் எதற்கு என்கிறீர்களா? நூலகருக்கு அதில் ஒரு கணக்கு உண்டு. இல்லாத ஆளை உண்டாக்கும்போது அவனுக்கு ஒரு குறையைக் கொடுத்துவிட வேண்டும். குறையில்லாத மனிதனை யாரும் நம்ப மாட்டார்கள்.

கடைசியில் இடது கையால் ஒரு கையெழுத்தைக் கிறுக்கினார். கோழி கிளறியது போல இருந்தது. யாராலும் படிக்க முடியாது என்பதில் அவருக்குப் பரம திருப்தி.

மறுநாள் மேசையிலிருந்த இன்டர்காம் அலறியது. ஆணையர் அம்மாள்.

“லைப்ரேரியன் சார், உங்க திட்டம் பிரமாதம்! அந்தக் குடைக்காரப் பெரியவர் விஷயத்தைப் படிச்சு எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. திட்டங்களை முடிவு பண்ற கமிட்டிக் கூட்டத்துக்கு அவரைக் கூட்டிட்டு வாங்க.”

நூலகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அவர்... அவர் ஊர்ல இல்லை மேடம். மக வீட்டுக்குப் போயிருக்கார்.”

“ஊர்ல இல்லையா? இப்போதானே படியில பார்த்தேன்? குடையை மடக்கிக்கிட்டு எனக்கு வழி விட்டாரே!”

ரிசீவரை வைத்துவிட்டு நூலகர் வாய்விட்டுச் சிரித்தார். பெரிய பதவியில் இருப்பவர்களுக்கு ஊரில் ஒருவரைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வது கௌரவக் குறைச்சல். சரியான புளுகு! அப்படியே திரும்பியவரின் சிரிப்பு பாதியில் நின்றது.

கதவோரம் ஒரு கறுப்புக் குடை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில்.

“ஏம்ப்பா, இது யாரோட குடை?” என்று வாட்ச்மேனைக் கேட்டார்.

“வேற யாரு, பெரியவர்தான்,” என்றான் அவன் தெருவைப் பார்த்தபடி. “ஆமா மச்சான், சொல்லு.”

மச்சான் வீட்டிலும் ஒரு பெரியவர் இருக்கக் கூடாதா என்ன? நூலகர் தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். ஆனால் மாடிக்கு ஒரு ஃபைலைக் கொண்டுபோனபோது நடையில் நின்ற கணக்கு அதிகாரி, “குடைக்காரரா? என் கல்யாணத்துக்கே வந்து வாழ்த்தினவராச்சே,” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். பொறியாளர் விடுவாரா? “என் வாட்ச்சை அவர்தான் ரிப்பேர் பண்ணிக் கொடுத்தார், பாருங்க, இன்னும் ஒரு நொடி பிசகலை,” என்று கையை நீட்டிக் காட்டினார். குப்பைப் பிரிவு மேற்பார்வையாளருக்கு அவர் தூரத்து உறவாகக்கூட ஆகிவிட்டார்.

முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. அப்புறம்தான் விபரீதம் உறைத்தது. இத்தனை பேருக்குத் தெரிந்த ஆளைக் கூட்டத்தில் கொண்டுவந்து நிறுத்தாவிட்டால் குட்டு உடைந்துவிடும். நூலகமும் போகும், மானமும் போகும். தன்னை ஊருக்கு வெளியே நீரேற்று நிலையத்துக்குத் தூக்கியடித்துவிடுவார்கள். ஏற்கெனவே அப்படி ஒரு பேச்சு உண்டு. அவருடைய பணிப்பதிவேட்டை அலுவலகத்தில் எங்கே தேடியும் காணவில்லையாம், அதனால்தான் மாறுதல் உத்தரவு தாமதம். தொலைந்ததும் நல்லதுக்குத்தான் என்று அவரும் சும்மா இருந்துவிட்டார்.

என்ன செய்வது? பெரியவரைப் படுக்க வைத்துவிட வேண்டியதுதான். இன்டர்காமை எடுத்தார்.

“மேடம், பெரியவருக்கு உடம்பு ரொம்ப முடியலை. எழுந்து நடமாடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.”

“ஐயோ பாவம்! என்ன உடம்புக்கு?”

“இருமல்தான் மேடம். முத்திப் போச்சு.”

அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் மாடியிலிருந்து ஆப்பிள் கூடை இறங்கியது, பிஸ்கட் டப்பா இறங்கியது, யாரோ ஒரு புண்ணியவதி ஃபிளாஸ்க்கில் சூப் வைத்து அனுப்பியிருந்தாள். கொண்டுவந்தவர்கள் எல்லாவற்றையும் மூலை நாற்காலிக்கு முன்னால் அடுக்கிவிட்டு, சந்நிதியில் நிற்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். ஒருத்தராவது நூலகரிடம் ஒரு ஆப்பிளை நீட்ட வேண்டுமே!

எரிச்சலோடு அவர் உள் அலமாரிகளில் புத்தகம் அடுக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் மேசைமேல் ஆப்பிள் கொட்டைகள் ஒரு தாளில் ஒழுங்காக ஒதுக்கப்பட்டிருந்தன. ஃபிளாஸ்க்கின் மூடி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

அப்போது வரலாற்று அலமாரிக்குப் பின்னாலிருந்து, வயிறு நிறைந்த ஓர் இருமல் கேட்டது.

பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி, “உஷ்!” என்றார்கள்.

நூலகர் மூட்டு வலியையும் மறந்து அலமாரியைச் சுற்றி ஓடினார். ஆள் இல்லை. கவிதை அலமாரிப் பக்கம் இருமல் கேட்டது. அங்கே ஓடினார். அங்கும் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு வந்து மூலை நாற்காலியின்மேல் கை வைத்தார். இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். பயம் என்றால் அப்படி ஒரு பயம், உள்ளங்காலிலிருந்து ஏறியது.

போன் அடித்தது.

“மாத்திரை போட்டீங்களா?”

“அடியே, இங்க ஒரு ஆள் இருக்கார். ஆனா இல்லை. நான்தான் அவரை எழுதினேன்!”

“அந்தப் பச்சை ஸ்வெட்டரைக் கழட்டாதீங்க.”

“நான் என்ன சொல்றேன், நீ என்ன சொல்றே?”

“சீக்கிரம் வீட்டுக்கு வாங்க.”

இவளிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை. நூலகர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு முடிவுக்கு வந்தார். ஆளை ஒரேயடியாக அனுப்பிவைத்துவிட வேண்டியதுதான். எழுதத் தெரிந்தவனுக்கு அழிக்கத் தெரியாதா?

வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் கொட்டை எழுத்தில் எழுதினார். ‘ஆழ்ந்த இரங்கள். நம் வாசகர் வட்டத் தலைவர் காலமானார்.’ அறிவிப்புப் பலகையில் குண்டூசி குத்தி மாட்டினார். ஒரு நிமிடம் தலை குனிந்து நின்றார். பாவம், நல்ல மனிதர்தான், தான் பெற்ற பிள்ளை மாதிரி என்று நினைத்துக்கொண்டார். பிறகு போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

வந்து பார்த்தவருக்குக் குடித்த தண்ணீர் புரையேறியது. ‘இரங்கள்’ என்பதில் இருந்த ‘ள்’ சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, மேலே ‘ல்’ என்று திருத்தப்பட்டிருந்தது. கீழே நடுங்கும் எழுத்தில் ஒரு குறிப்பு. ‘தகவலும் பிழை. சரிபார்த்து வெளியிடவும்.’ அதற்கும் கீழே ஒரு கையெழுத்து. கோழி கிளறியது போல இருந்தது.

அவர் இடது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். அதில் சிவப்பு மை இல்லை.

இன்டர்காம் அலறியது.

“லைப்ரேரியன் சார்! உயிரோட இருக்கிற மனுஷருக்கு இரங்கல் அறிவிப்பா? அவரே என் ரூமுக்கு வந்து சொல்றார். வேற யாராவதா இருந்தா உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பாங்க. இவர் சிரிக்கிறார்!”

“மேடம், அங்க... உங்க எதிர்லயா இருக்கார்?”

“எதிர்லதான் உட்கார்ந்திருக்கார். உங்க மேல எவ்வளவு பாசம் தெரியுமா அவருக்கு? திட்டத்துல உங்களைப் பத்தி எப்படி உருகி உருகி எழுதியிருக்கார்! பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு, வலிக்கிற மூட்டோட ஏணி மேல ஏறி, யார் கேட்டாலும் முகம் சுளிக்காம புத்தகம் எடுத்துத் தர்றீங்களாம். அதைப் படிச்சுத்தான் இந்த நூலகத்தை மூடக் கூடாதுன்னு எனக்கே தோணிச்சு.”

“நான் அப்படியெல்லாம் எழுதலையே மேடம்.”

“நீங்க எங்க எழுதினீங்க? அவர்தானே எழுதியிருக்கார்!”

நூலகர் ரிசீவரை வைத்துவிட்டுத் தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். வலித்தது. இந்த வலியைப் பற்றி மனைவியைத் தவிர இந்த உலகத்தில் ஒரு ஈ காக்கைக்குக்கூட அவர் சொன்னதில்லை.

இனி ஒரே வழிதான். உண்மையைச் சொல்லிவிடுவது. வேலை போனால் போகிறது, நீரேற்று நிலையத்தில் போய்க் குழாய் திறந்தாவது பிழைத்துக்கொள்ளலாம். இப்படி ஒன்றோடு ஒரே கூடத்தில் உட்கார முடியாது.

கமிட்டிக் கூட்டம் மாடியில் நடந்தது. நூலகர் ஒவ்வொரு படியாகக் கையை ஊன்றி ஏறிப் போய்க் கதவைத் தள்ளினார். நீள மேசையைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள். ஆணையருக்கு வலப்பக்கம் ஒரு நாற்காலி மட்டும் காலி. அதன் முதுகில் அந்தக் கறுப்புக் குடை தொங்கியது. எல்லோரும் அந்தக் காலி நாற்காலியையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். கணக்கு அதிகாரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“மன்னிக்கணும்,” என்றார் நூலகர். “வாசகர் வட்டமும் இல்லை, தலைவரும் இல்லை. எல்லாம் நான் எழுதின பொய். புத்தகங்களைக் காப்பாத்தணும்னுதான் எழுதினேன்.”

ஒருத்தரும் திரும்பவில்லை.

“அந்தக் கதவை யாராவது சாத்துங்களேன்,” என்றார் பொறியாளர். “காத்து அடிக்குது.”

ஆணையர் அம்மாள் காலி நாற்காலியின் பக்கம் மரியாதையாகச் சாய்ந்தார். “சரிங்க ஐயா... நீங்க சொல்றதும் நியாயம்தான். மூட்டு வலியோட அவரும் எத்தனை நாள் கஷ்டப்படுவார்? அவருக்கு ஓய்வு கொடுத்துட்டுப் புதுசா ஒருத்தரைப் போட்டுடலாம். நூலகம் அங்கேயே இருக்கட்டும். டயரை வேற எங்கேயாவது வெச்சுக்கலாம். எல்லாருக்கும் சம்மதமா?”

எல்லோரும் கையைத் தூக்கினார்கள்.

நூலகர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நூலகம் பிழைத்துவிட்டது! ஓவென்று கத்த வேண்டும்போல அப்படி ஒரு சந்தோஷம். அதே நேரத்தில் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது. தான் பேனா முனையில் உண்டாக்கிய ஆள், தனக்கே ஓய்வு கொடுத்து அனுப்புகிறான்! இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

சொல்லவில்லை. வழக்கம்போல நூலகத்திலேயே இருந்தார், தூசி தட்டினார், புத்தகம் அடுக்கினார். கொஞ்ச நாளில் புது நூலகர் வந்தாள். தோளில் பையும் கையில் உத்தரவுமாக ஓர் இளம் பெண். வாட்ச்மேன் அவளைக் கண்டதும் காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கிக்கொண்டு விறைப்பாக எழுந்து நின்றான். நூலகருக்கு அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

இருந்தாலும் பெருந்தன்மையாக நடந்துகொள்வோம் என்று சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார். “வாம்மா. ஜன்னல் தாழ்ப்பாள் கொஞ்சம் மக்கர் பண்ணும். மேல தூக்கித் தள்ளணும். கவிதை அலமாரிப் பக்கம் மழைத் தண்ணி ஒழுகும், அதைப் பார்த்துக்கோ.”

அவள் அவரைத் தாண்டி அண்ணாந்து அலமாரிகளைப் பார்த்தாள். கை மரத்துப்போய் அவர் சாவியை மேசைமேல் வைத்தார்.

“அட, சாவி இங்கேயே இருக்கே,” என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

மூலையிலிருந்து ஒரு வறட்டு இருமல் கேட்டது. புதுப் பெண் திரும்பி, “வணக்கம் ஐயா,” என்று சிரித்தாள். நூலகரும் திரும்பினார்.

இந்தத் தடவை நாற்காலி காலியாக இல்லை. மடியில் குடையோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கையில் சிவப்புப் பேனா. அவர் நூலகரை நேருக்கு நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கொஞ்சம் கூச்சம் இருந்தது, நிறையப் பிரியம் இருந்தது. மன்னித்துக்கொள்ளப்பா என்று சொல்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் பேனாவின் மூடியைத் திறந்தார்.

நூலகரின் பையில் போன் அடிக்கத் தொடங்கி, பாதியிலேயே நின்றது. முழங்கால் வலி சட்டென்று காணாமல் போயிற்று.

“ஆமா, இதுக்கு முன்னாடி இருந்த நூலகர் எங்கே போனார்?” என்று புதுப் பெண் கேட்டாள்.

வாட்ச்மேன் மூலையை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்: “முன்னாடி யாரும்மா இருந்தா? ஆள் போடாத நூலகம்னா மூடிடுவாங்களேன்னு, அதோ அந்தப் பெரியவர்தான் பாவம், பச்சை ஸ்வெட்டர், மூட்டு வலி, போன்ல விரட்டுற சம்சாரம் எல்லாம் வெச்சு, ஒரு நூலகரை அவராவே திட்டத்துல எழுதி விட்டுட்டாரு!”